பதினோரு வெஸ்டர்னும் ஒரு குரூப் மெசேஜும்

போன வருஷம் ஒரு திங்கட்கிழமை. அன்னிக்கு எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். மத்தியானம் மூணு மணிக்கு இன்ஸ்பெக்‌ஷன் மேடம் சைட்டுக்கு வருவாங்க. அவங்களுக்கு நாலு குவியலைக் காட்டி ஒரு கையெழுத்து வாங்கணும்.

அவ்வளவுதான். வேற ஒண்ணும் இல்ல.

நான் ஹேமா. சைட் இன்ஜினியர். செம்பாக்கம் ஏரிக்குப் பக்கத்துல ஒரு காலனி. அங்க பழைய ஹாலை இடிச்சுட்டு அதே இடத்துல புதுசா சமுதாயக் கூடம் கட்டிக்கிட்டு இருந்தோம். சும்மா கட்டல. பசுமைக் கட்டடம்! அதாவது, இடிச்ச ஹாலோட ஒரு செங்கல்கூட வீணாப் போகக் கூடாது. முக்கியமா ராத்திரியோட ராத்திரியா ஏரிக்கரைக்குப் போகக் கூடாது. எது எங்க போச்சுன்னு ரெஜிஸ்டர்ல எழுதணும். அந்த மேடம் வந்து பார்த்து சரின்னு சொன்னாத்தான் ஹாலைக் காலனிக்கு ஒப்படைக்க முடியும். இல்லன்னா அவங்க மறுபடி வர ரெண்டு மாசம் ஆகும்.

எனக்கு ரெண்டு மாசம் பரவாயில்ல. காலனி செக்ரட்டரி பத்மநாபன் சாருக்கு அப்படி இல்ல. அவர் பொண்ணுக்கு அடுத்த மாசம் நிச்சயதார்த்தம். முதல் ஃபங்ஷன் நம்ம ஹால்லதான்னு பத்திரிகையே அடிச்சுட்டார். பெயின்ட் வாங்கறதுக்கு முன்னாடியே பத்திரிகை!

பாவம், என் மேல அவ்வளவு நம்பிக்கை.

கான்கிரீட் உடைசல் எல்லாம் முன்னாடியே அரைக்கற யார்டுக்குப் போயிடுச்சு. மிச்சம் இருந்தது செங்கல், மரம், இரும்பு, அப்புறம் டைல்ஸும் பீங்கானும். நாலையும் நாலு குவியலா, கோடு போட்டு, சீர்வரிசைத் தட்டு மாதிரி அடுக்கி வெச்சிருந்தேன். ஆனா நம்ம ஆளுங்க என்ன பண்ணுவாங்கன்னா, டீ குடிச்சுட்டு வர்ற வழியில உடைஞ்ச டைல்ஸைக் கொண்டுபோய் மரத்து மேல போட்டுட்டுப் போவாங்க. கேட்டா, "கை வலிச்சுது மேடம்."

அதனால சனிக்கிழமை சாயங்காலம் ஒரு போர்டு எழுதினேன்.

"கட்டடக் கழிவுகளை இங்கே தரம் பிரித்துப் போடவும்."

மேஸ்திரி ஏழுமலைகிட்ட குடுத்தேன். "எங்க மேடம் மாட்டறது?"ன்னார்.

"எல்லாருக்கும் நல்லாத் தெரியற மாதிரி மாட்டுங்க"ன்னுட்டு ஸ்கூட்டியை எடுத்துட்டேன்.

எல்லாருக்கும் தெரியற மாதிரிதான் மாட்டினார். கேட்டுக்கு வெளிய. ரோட்டைப் பார்த்து.

அதை ஒரு போட்டோ எடுத்து எனக்கும் அனுப்பினார். நான் அதைப் பெருசு பண்ணிப் பார்க்கல. பத்மநாபன் சார் வேற, "சைட் அப்டேட் ஏதாவது போடும்மா, மெம்பர்ஸ் கேக்கறாங்க"ன்னு நச்சரிச்சுக்கிட்டு இருந்தாரா, அந்த போட்டோவையே காலனி வாட்ஸ்அப் குரூப்ல போட்டுட்டேன். கீழ, "நம் ஹால் பசுமையாகிறது! உங்கள் ஒத்துழைப்பு தேவை"ன்னு ஒரு வரி. ஒரு பச்சை இலை.

ஞாயித்துக்கிழமை லீவு. நல்லாத் தூங்கினேன்.

திங்கட்கிழமை காலையில எட்டரைக்கு சைட்டுக்கு வந்தா, தூரத்துலயே காம்பவுண்டுக்குள்ள வெள்ளை வெள்ளையா என்னமோ தெரிஞ்சுது. ஏரி பக்கத்துல இருக்கறதால, கொக்குக் கூட்டம் எறங்கியிருக்குன்னு நெனச்சேன். மனசுக்கு ரொம்ப சந்தோஷமா இருந்துச்சு. பசுமைக் கட்டடம்னா சும்மாவா, பறவையெல்லாம் தேடி வருதுன்னு.

கிட்டப் போனேன்.

கொக்கு இல்ல. வெஸ்டர்ன்.

வெஸ்டர்ன் டாய்லெட்! ஒண்ணு ரெண்டு இல்ல, பதினோரு வெஸ்டர்ன்! பீங்கான் குவியலுக்கு முன்னாடி வரிசையா, ஒண்ணு பக்கத்துல ஒண்ணு, ஏதோ மீட்டிங்குக்கு வந்து உக்கார்ந்த மாதிரி. சிலதுக்கு மூடி இருந்துச்சு. ஒண்ணுல மழைத்தண்ணி. ஒண்ணுல 'அம்மா' ஸ்டிக்கர்.

அது மட்டுமா? இரும்புக் குவியல்ல ஒரு ட்ரெட்மில். மரக் குவியல்ல ஒரு கட்டில், கால் ஒண்ணு இல்லாம. பீங்கான் குவியல்ல ஒரு ஊறுகாய் ஜாடி, அடியில கொஞ்சம் ஊறுகாயோட.

ஒரு விஷயம் சொல்லணும். எல்லாத்தையும் கரெக்டா தரம் பிரிச்சிருந்தாங்க. என் ஆளுங்க மூணு மாசமா பண்ணாததை இந்தக் காலனி ஒரே நாள்ல பண்ணியிருந்துச்சு.

வாட்ச்மேனைக் கூப்பிட்டேன். "என்னங்க இது?"

"நேத்து காத்தாலேர்ந்து வந்துகினே இருந்தாங்க மேடம். கேட்டைத் தொறந்து தொறந்து கையே வுட்டுப்போச்சு."

"நீங்க ஏன் தொறந்தீங்க?"

"போர்டுல போடவும்னு போட்டுகீதே!"

அப்பதான் வெளிய போய்ப் போர்டைப் பார்த்தேன்.

பத்மநாபன் சாருக்குப் போன் போட்டேன். ரிடையர்டு பேங்க் மேனேஜர். காலையில எப்பவும் உற்சாகமா இருப்பார்.

"சார், சைட்டுக்கு வந்து பார்த்தீங்களா?"

"பார்த்தேன்மா! பப்ளிக் ரெஸ்பான்ஸ் எக்ஸலண்ட்! இந்தக் காலனியில முப்பது வருஷத்துல எந்த விஷயத்துக்கும் இவ்வளவு பேர் ஒத்துழைச்சது இல்ல. பழைய வெஸ்டர்னை என்ன பண்றதுன்னு தெரியாம எல்லாரும் மொட்டை மாடியில வெச்சிருந்தாங்க. குப்பை வண்டியிலயும் போட முடியாது. நீ ஒரு பெரிய பிரச்சினையை சால்வ் பண்ணிட்ட!"

"சார், அந்தப் போர்டு நம்ம லேபருக்கு!"

மெதுவா, "அப்படியா... நான் அந்த மெசேஜை ராஜகீழ்ப்பாக்கம் குரூப்புக்கும் சேலையூர் குரூப்புக்கும் ஃபார்வர்ட் பண்ணிட்டேனே"ன்னார்.

அவர் சொல்லி வாய் மூடல. வாசல்ல ஒரு குட்டி யானை வந்து நின்னுச்சு. நெஜ யானை இல்ல, நம்ம லோடு வண்டி. பின்னாடி ஒரு பெரிய குளியல் தொட்டி. டிரைவர் எறங்கி, "இங்கதானே மேடம் போடணும்? சேலையூர்லேர்ந்து வர்றோம்"ன்னார்.

"இங்க போடக் கூடாதுங்க!"

"பீங்கான்தான் மேடம், தட்டிப் பாத்துட்டோம். தரம் பிரிச்சுதான் எடுத்தாந்தோம்."

நான் போன்ல பத்மநாபன் சார்கிட்ட, "உடனே எல்லா குரூப்லயும் நிறுத்தச் சொல்லுங்க"ன்னு கத்திக்கிட்டு இருந்தேன். அந்த நேரத்துல தொட்டியை எறக்கிட்டு வண்டி போயே போச்சு.

அடுத்து என் பாஸ் போன். யாரோ அவருக்கும் போட்டோ அனுப்பியிருக்காங்க.

"ஹேமா, பழைய ஹால்ல எத்தனை டாய்லெட் இருந்துச்சு?"

"ரெண்டு சார்."

"என்ன டைப்?"

"இந்தியன் சார்."

"அந்த ரெண்டு இந்தியனுக்குப் பதினோரு வெஸ்டர்ன் எப்படிம்மா பொறந்துச்சு? அந்த மேடம் ரெஜிஸ்டரைப் பார்த்துட்டுக் குவியலைப் பார்ப்பாங்க. நாம ஊர்ல இருக்கற குப்பையெல்லாம் வாங்கிக் கொட்டற யாவாரம் பண்றோம்னு எழுதிட்டுப் போயிடுவாங்க. மூணு மணிக்கு அங்க ஒரு வெஸ்டர்ன்கூட இருக்கக் கூடாது."

மணி பத்து.

மேஸ்திரி பக்கத்துல வந்து, குரலைத் தாழ்த்தி, "மேடம், ஒரு ஐடியா. டிராக்டர் ஒண்ணு கீது. ஏரியாண்ட ஒரு ஓரமா..."ன்னு ஆரம்பிச்சார்.

"மேஸ்திரி!"

"சும்மா கேட்டேன் மேடம்."

கேட்ட அந்த ஒரு செகண்ட் எனக்கே லேசா ஆசை வந்துச்சுன்னு ஒத்துக்கறேன். யாரும் பார்க்க மாட்டாங்க. அரை மணி நேர வேலை. ஆனா அந்த ஏரிக்கரையில யாரோ கொட்டின கட்டடக் குப்பையைப் பார்த்துப் பார்த்துக் கடுப்பாகித்தான் இந்தக் காலனிக்காரங்க, பசுமையா கட்டினாத்தான் ஆச்சுன்னு எங்ககிட்ட வந்தாங்க. அங்கயே கொண்டுபோய் நான் கொட்டினா, அப்புறம் இந்த வேலைக்கு இன்ஜினியர் எதுக்கு? டிராக்டர் போதும்.

அப்பதான் எனக்கு அந்த அற்புதமான யோசனை வந்துச்சு.

குரூப்ல போட்டா கொண்டு வந்து போடறாங்கல்ல? அதே குரூப்ல போட்டா எடுத்துட்டும் போவாங்கல்ல?

டைப் பண்ணினேன். "சைட்டில் உள்ள பொருட்கள் அனைத்தும் இலவசம். தேவைப்படுவோர் இன்று மதியம் இரண்டு மணிக்குள் எடுத்துக்கொள்ளலாம். எடுத்தவர்கள் எங்கே, எதற்குப் பயன்படுத்துகிறீர்கள் என்று போட்டோ போடவும்."

போட்டோ விஷயம் ரெஜிஸ்டருக்காக. என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கிட்டேன். 'பொருட்கள் அனைத்தும்'னு எழுதினதை மட்டும் கவனிக்கல.

முதல் அரை மணி நேரம் ஒருத்தரும் வரல. அப்புறம் கேம்ப் ரோடு போற வழியில நர்சரி வெச்சிருக்கறவர் ஒரு வண்டியோட வந்தார். வெஸ்டர்னை ஒவ்வொண்ணா குனிஞ்சு பார்த்தார். "கீழ ஓட்டை கீது, மிஞ்சின தண்ணி தானா வெளிய பூடும். செடி வெக்க இத விட இன்னா வேணும்?"னு ஏழு எடுத்துக்கிட்டார். திருமுடிவாக்கத்துல பட்டறை வெச்சிருக்கற ஒருத்தர், அங்க வேலை செய்யறவங்களுக்கு டாய்லெட் கட்டறாராம், நல்லா இருந்த நாலையும் எடுத்துக்கிட்டார். பால்காரர் வந்து குளியல் தொட்டியை மாட்டுக்குத் தண்ணி காட்ட ஆகும்னு தூக்கிட்டுப் போனார்.

எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துடுச்சு. இதுதான்டி நெஜமான பசுமைன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்.

மணி ஒண்ணு. கூட்டம் அது பாட்டுக்கு வந்து போய்க்கிட்டு இருந்துச்சு. ரெஜிஸ்டரை மாத்தி எழுதி, பிரின்ட் எடுக்கணும். மேஸ்திரியைப் பார்த்துக்கச் சொல்லிட்டு ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். அங்க கரண்ட் இல்ல. அப்புறம் வந்துச்சு. மெஷின்ல பேப்பர் மாட்டிக்கிச்சு. எடுத்தாங்க. எனக்கு முன்னாடி ஒரு பையன் முழு ஆண்டு பிராஜெக்டையும் கலர்ல எடுத்துக்கிட்டு இருந்தான்.

திரும்பி வர்றப்ப ரெண்டே கால்.

சைட் சுத்தமா இருந்துச்சு.

சுத்தம்னா சாதாரண சுத்தம் இல்ல. செங்கல் இல்ல, மரம் இல்ல, இரும்பு இல்ல. பதினோரு வெஸ்டர்னும் போச்சு. பெருக்கிக் கோலம் போட்டா நிச்சயதார்த்தத்தை அன்னிக்கே வெச்சுடலாம்.

அப்பறம்தான் உறைச்சுது. நான் உக்கார்ற பிளாஸ்டிக் சேரும் இல்ல. ஏணி இல்ல. தண்ணி விடற ஹோஸ் இல்ல. இரும்புக் குவியல் பக்கத்துல நிழலுக்கு வெச்சுட்டுப் போன என் எவர்சில்வர் டிபன் கேரியர் இல்ல. உள்ள எலுமிச்சை சாதம் இருந்துச்சு.

சாப்பிட்டுட்டு வந்த மேஸ்திரி பல்லைக் குத்திக்கிட்டே, "மேடம், புது ஐட்டம் வந்துச்சே, பாத்தீங்களா?"ன்னார்.

"என்ன புது ஐட்டம்?"

"நம்ம ஹாலுக்கு வெஸ்டர்ன் மூணு. பொட்டியோட. நீங்க போன ஒடனே கடைக்காரன் வந்து எறக்கிட்டான். சீட்டுல நான்தான் கையெழுத்து போட்டேன்."

"எங்க வெச்சீங்க?"

மேஸ்திரி பீங்கான் குவியல் இருந்த இடத்தைக் காட்டினார். அங்க ஒரு துண்டு தெர்மாகோல் மட்டும் காத்துல உருண்டுக்கிட்டு இருந்துச்சு.

ரெண்டு பேரும் அதையே பார்த்துக்கிட்டு நின்னோம்.

"பேஜாராப் பூட்ச்சு மேடம்"ன்னார் மேஸ்திரி.

முதல் பொட்டி ஈஸியாக் கெடைச்சுடுச்சு. பத்மநாபன் சாரே ஆட்டோவுல கொண்டு வந்தார். "இதைப் பார்த்தா புதுசு மாதிரி இருந்துச்சு. யாராவது தூக்கிட்டுப் போயிடப் போறாங்களேன்னு நான் தூக்கிட்டுப் போயிட்டேன்"ன்னார். நான் பொட்டியை வாங்கி உள்ள வெச்சுப் பூட்டினேன்.

ரெண்டாவது நர்சரியில. ரெண்டாவது டிரிப் வந்தப்ப ஏத்தியிருக்கார். நான் ஸ்கூட்டியில பறந்து போறதுக்குள்ள, செம்மண் போட்டு, குரோட்டன்ஸ் நட்டு, தண்ணியும் ஊத்தி முடிச்சிருந்தார். வாசல்ல, எல்லாத்துக்கும் முன்னாடி, அழகுக்காக.

"அண்ணா, அது புதுசு!"

"அதான் பாத்தேன், இது மட்டும் இன்னா பளபளன்னு கீதுன்னு. செடியோட எடுத்துக்கினு போறீங்களா?"

செடியை எடுத்துட்டு, கழுவி, என் காலுக்கு நடுவுல வெச்சு ஸ்கூட்டியில கொண்டு வந்தேன். சிக்னல்ல பக்கத்துல பைக்ல இருந்த ஒருத்தர் என்னைப் பார்த்தார். கீழ பார்த்தார். அப்புறம் மரியாதையா வேற பக்கம் திரும்பிக்கிட்டார்.

மூணாவது எங்கன்னு தேடறதுக்குள்ள குரூப்ல ஒரு போட்டோ வந்துச்சு. கன்னியப்பன் அண்ணன் வீட்டுல இருந்து. பாத்ரூம்ல, புத்தம் புது வெஸ்டர்ன், பக்காவா மாட்டியிருக்கு. கீழ, "இன்ஜினியர் மேடத்துக்கு நன்றி." ரெண்டு கும்பிடு.

கன்னியப்பன் அண்ணன் யாருன்னா, அந்த ஊரோட பழைய குடும்பம். இப்ப காலனி இருக்கற எடத்துல பாதி ஒரு காலத்துல அவங்க நெலம். இன்னிக்கும் மெயின் ரோட்டுல நாலு கடை அவருது. அறுபது வயசு. ஊரே அண்ணன்னுதான் கூப்பிடும். அவர்கிட்ட போய், உங்க பாத்ரூமைக் கழட்டுங்கன்னு சொல்ற தைரியம் யாருக்கு இருக்கு?

யோசிக்கறதுக்குள்ள வாசல்ல கார் வந்து நின்னுச்சு. கரெக்டா மூணு மணி.

இன்ஸ்பெக்‌ஷன் மேடம். காட்டன் புடவை, தலையில ஹெல்மெட், கையில அட்டை. சிரிக்கவே மாட்டாங்கன்னு முன்னாடியே சொல்லி வெச்சிருந்தாங்க.

"குவியல் எங்கம்மா?"

"போயிடுச்சு மேடம்."

"எங்க?"

"வீட்டுக்கு."

"யார் வீட்டுக்கு?"

"எல்லார் வீட்டுக்கும் மேடம்."

வேற வழி இல்லாம குரூப்பைத் திறந்து போனை அவங்க கையில குடுத்தேன். மேடம் ஒவ்வொரு போட்டோவா தள்ளினாங்க. நம்ம பழைய ஹால் செங்கலை வெச்சு ஒருத்தர் தோட்டத்துல வரப்பு கட்டியிருந்தார். பழைய ஜன்னல் ஒரு கோழிக்கூண்டுல. ட்ரெட்மில் மேல வேட்டி கட்டின ஒருத்தர் நடந்துக்கிட்டு இருந்தார். குளியல் தொட்டியில ஒரு மாடு.

நர்சரி போட்டோவுல நிறுத்தினாங்க. "இது என்ன?"

"குரோட்டன்ஸ் மேடம்."

"அதுக்குக் கீழ?"

"...வெஸ்டர்ன் மேடம்."

"பழைய ஹால்ல ரெண்டு இந்தியன்தானே இருந்துச்சு?"

மேடம் பதிலுக்குக் காத்திருக்காம அடுத்த பக்கத்தைத் திருப்பிட்டாங்க. "சரி. புது டாய்லெட் ரெண்டு பட்டன் வெச்ச, தண்ணி சிக்கனமா ஓடற டைப்தானான்னு நான் பார்க்கணும். மூணு வந்திருக்குன்னு சீட்டு இருக்கு. ரெண்டுதான் நிக்குது. ஒண்ணுல மண்ணு வேற ஒட்டியிருக்கு. மூணாவது?"

இந்த எடத்துல உண்மையைச் சொல்லியிருக்கலாம். நான் சொல்லல. என் வாய் தானா தொறந்துச்சு.

"டெமோவுக்காக ஒரு வீட்டுல மாட்டி டெஸ்ட் பண்ணிக்கிட்டு இருக்கோம் மேடம்."

மேஸ்திரி என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கே! பத்மநாபன் சார் ஆகாயத்தைப் பார்க்க ஆரம்பிச்சுட்டார்.

மேடம் முகத்துல முதல் தடவையா ஒரு வெளிச்சம். "டெமோவா? இதுவரைக்கும் எந்த சைட்லயும் யாரும் பண்ணது இல்ல. வாங்க, பார்க்கலாம்."

ரெண்டு தெரு தள்ளித்தான் வீடு. மேடம் முன்னாடி, நான் நடுவுல, பின்னாடி பத்மநாபன் சார், அவருக்குப் பின்னாடி மேஸ்திரி. ஊர்வலமா போனோம். வழி பூரா நான், கன்னியப்பன் அண்ணன் வீட்டுல யாரும் இருக்கக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டே போனேன்.

எல்லாரும் இருந்தாங்க. அண்ணன் சம்சாரம் வாசலுக்கே வந்துட்டாங்க.

"வாம்மா இன்ஜினியர்! வாங்க வாங்க. உக்காருங்க. மோர் கொண்டாரேன்."

"அக்கா, அண்ணன் இல்லையா?"

"கீறாரு. உள்ள கீறாரு."

"உள்ளன்னா?"

அக்கா கொஞ்சம் வெக்கப்பட்டு, பாத்ரூம் கதவைக் கண்ணால காட்டினாங்க. "எங்க பழசு வெடிச்சுப் போச்சும்மா. அதை நேத்துதான் கழட்டி உங்க சைட்டுல போட்டோம். இன்னிக்குப் புதுசு வாங்கறதுக்காக பிளம்பர் வந்து ஒக்காந்துகினு கீறான், மத்தியானம் இவரு கடைக்குக் கெளம்பறப்பதான் உங்க மெசேஜைப் பாத்தோம்! ஓடிப் போய் எடுத்தாந்து ஒடனே மாட்டிட்டாங்க. சாயங்காலம் வரைக்கும் காயணும்னு பிளம்பர் சொல்லிட்டுப் போனான். இவரு எங்க கேக்கறாரு? நேத்துலேர்ந்து பக்கத்து வூட்டுக்குப் போய்ப் போய் வந்துகினு இருந்தாரு, பாவம்."

நாங்க நாலு பேரும் சோபாவுல உக்கார்ந்தோம். கையில மோர். எதிர்ல பாத்ரூம் கதவு. மேல ஃபேன் சுத்தற சத்தம் மட்டும்.

எவ்வளவு நேரம்னு தெரியல. என் சர்வீஸ்ல அவ்வளவு நீளமான இன்ஸ்பெக்‌ஷன் பார்த்தது இல்ல.

திடீர்னு உள்ள இருந்து சத்தம். தண்ணி. சுருக்கமா, சட்டுன்னு நின்னுச்சு.

மேடம் தலையைச் சாய்ச்சுக் கேட்டாங்க. பேனாவை எடுத்தாங்க.

"ஹாஃப் ஃப்ளஷ்"னு சொல்லி, ஒரு டிக் போட்டாங்க.

அடுத்து இன்னொரு சத்தம். இது பெருசு. நீளமா.

"ஃபுல் ஃப்ளஷ்." இன்னொரு டிக்.

கதவு தொறந்துச்சு. கன்னியப்பன் அண்ணன் துண்டால கையைத் தொடைச்சுக்கிட்டே வெளிய வந்தார். எதிர்ல வரிசையா நாங்க நாலு பேர், மோர் டம்ளரோட.

ஒரு நிமிஷம் மிரண்டார். அப்புறம் மேடத்தோட ஹெல்மெட்டைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"இன்னாம்மா, ரிசல்ட் கேக்க இத்தினி பேரா வந்துகீறீங்க? பஸ்ட் கிளாஸ்!"

எனக்கு அடக்க முடியல. சிரிப்பா அழுகையான்னு எனக்கே தெரியாம ஏதோ ஒண்ணு வெடிச்சுடுச்சு. அங்கயே, அந்த சோபாவுலயே, எல்லாத்தையும் மேடம்கிட்ட ஒப்பிச்சுட்டேன். போர்டு, கொக்கு, பதினோரு வெஸ்டர்ன், 'பொருட்கள் அனைத்தும்', டெமோ இல்ல, பொய்... எலுமிச்சை சாதத்தைக்கூட விடல.

கன்னியப்பன் அண்ணன் முகம் செவந்து போச்சு. "அய்யய்யோ, அது ஹாலுக்கு வந்த பொருளா? எனுக்கு இன்னாம்மா தெரியும், பொட்டியோட குடுக்கறாங்களே, நல்ல மனசுன்னு நெனச்சுகினேன். இப்பவே கழட்டித் தர்றேன்!"

"வேணாம்!"

நாங்க நாலு பேரும் ஒரே குரல்ல சொன்னோம். மேடம் குரல்தான் கொஞ்சம் பெருசா கேட்டுச்சு.

மேடம் மோரைக் குடிச்சு முடிச்சாங்க. டம்ளரைக் கீழ வெச்சாங்க. "ஒரே ஒரு கேள்வி. இதுல ஏதாவது ஏரிக்குப் போச்சா?"

"ஒரு செங்கல்கூடப் போகல மேடம்."

மேஸ்திரி சோபா ஓரத்துல இருந்து, "தூசிகூடப் போகல மேடம்"ன்னார், ஏதோ அந்த டிராக்டரைப் பத்தி வாழ்க்கையில கேள்வியே படாத மாதிரி.

மேடம் கையெழுத்துப் போட்டாங்க. அட்டையை மூடறப்ப அவங்க உதடு ஓரத்துல என்னமோ துடிச்சுது. சிரிப்புன்னு நான் சாட்சி சொல்ல மாட்டேன். சைட்டுக்குத் திரும்பிக் கார்ல ஏறினதும் கண்ணாடியை ஏத்திக்கிட்டாங்க. கார் தெருமுனை வரைக்கும் குலுங்கிக்கிட்டே போச்சு. ரோடு நல்ல ரோடுதான்.

என் டிபன் கேரியர் மூணு நாள் கழிச்சுத் திரும்பி வந்துச்சு, கழுவி, உள்ள கொஞ்சம் கேசரியோட. யார் குடுத்தாங்கன்னு வாட்ச்மேன் சொல்ல மாட்டேன்னுட்டார்.

பத்மநாபன் சார் பொண்ணு நிச்சயதார்த்தம் நம்ம ஹால்லயே ஜாம் ஜாம்னு நடந்துச்சு.

கன்னியப்பன் அண்ணனுக்கு மட்டும் மனசு ஆறல. பொது ஹால் பொருளை எடுத்துட்டோமேன்னு, நிச்சயதார்த்தத்துக்கு ரெண்டு நாள் முன்னாடி, நம்ம மாடலைவிட ஒசத்தியான ஒரு வெஸ்டர்னை வாங்கிட்டு வந்து மேளம் இல்லாத குறையா எறக்கினார். கூடவே ஒரு பெயின்டரையும் கூட்டிட்டு வந்தார். மூடிக்கு உள்பக்கம், நீலக் கலர்ல, கொட்டை எழுத்துல எழுத வெச்சார்.

"உபயம்: மு. கன்னியப்பன் குடும்பத்தார், செம்பாக்கம்."

மூடியைத் தொறந்தா பேர் நேரா மூஞ்சிக்கு எதிர்ல நிக்கும். எவ்வளவு அவசரமா உள்ள போனவங்களும் அதைப் படிச்சுட்டு, மூடியைப் பதமா மூடிட்டு, பக்கத்து டாய்லெட் க்யூல வந்து நின்னுக்கறாங்க. பெரிய மனுஷன் பேருக்கு முன்னாடி எப்படிங்க உக்கார்றது? இப்ப அந்த ரூம்ல தொடப்பமும் பினாயிலும் வெச்சிருக்காங்க.

போன வாரம் ஹால் பக்கமா போனப்ப அண்ணன் என்னை நிறுத்திக் கேட்டார். "இன்னாம்மா, நம்ம குடுத்தது எல்லாருக்கும் உபயோகமா கீதா?"

"அதை ஏன்ணா கேக்கறீங்க, ரொம்ப மரியாதையா வெச்சிருக்காங்க."